பைக்கில் நாய்க்குட்டி ஏற்றிப்போன சேர் எழுதுவது

 

போன சனிக்கிழமை யாரோ எடுத்த ஒரு படம் இப்போது என்னைவிட வேகமாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் ஒரு பிளாஸ்டிக் பழப்பெட்டி, அதற்குள் இரண்டு நாய்க்குட்டிகள், பக்கத்தில் தொப்பியும் தாடியுமாக நான். கொடிகாமத்தில் தேத்தண்ணி குடிக்க நின்றபோது எடுத்திருக்கிறார்கள். எடுத்தவரில் எனக்குக் கோபம் இல்லை.

படம் பார்த்த இரண்டு பக்கத்தாரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் இன்பொக்ஸில், "மாஸ்டர், பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்குற நீங்களே நஜீஸைத் தூக்கிக்கொண்டு திரியலாமா?" என்று கேட்டார். உடுவில் பக்கத்து நண்பர் ஒருவர், "சேர், உங்கட ஆக்களுக்கு நாயெண்டாலே ஆகாதெண்டு நினைச்சன். நீங்கள் வித்தியாசமான ஆள்" என்று எழுதியிருந்தார். முதலாவது கேள்வி, அதற்குப் பதில் சொல்லலாம். இரண்டாவது பாராட்டு, ஆனால் என் உம்மாவையும் வாப்பாவையும் வெளியே நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் தரும் பாராட்டு. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசயம் தொடங்கியது தரம் 9 புவியியல் பாடத்தில். பிள்ளை ஒருத்தி போனில் பார்த்த வீடியோ பற்றிச் சொன்னாள். "சேர், ஒரு வெள்ளைக்கார அன்ரியும் அங்கிளும் நாயைப் பைக்கில ஏத்திக்கொண்டு உலகம் சுத்துகினம். நாய் கண்ணாடி போட்டிருக்கு!"

அவள் சொன்னது உண்மைதான். கனடாவைச் சேர்ந்த ஜெஸ் ஸ்டோன், கிரெக் ஸ்டோன் என்ற தம்பதியர். மொக்சி, ஷடோ என்று இரண்டு ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கொரு நாய். பின்பக்கம் பொருத்தும் நாய் இருக்கையை அவர்களே வடிவமைத்திருக்கிறார்கள். போகும் நாடுகளில் நாய்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தி, அவற்றுக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பது பயணத்தின் நோக்கம்.

அன்றைக்குப் பாடப்புத்தகம் அவ்வளவாகத் திறக்கப்படவில்லை. பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அப்படி. நாய் பாய்ந்தால் என்ன செய்வது? கழுத்தில் கயிறு கட்டினால் திடீர் பிரேக்கில் இறுகிவிடும், அதனால் நெஞ்சைச் சுற்றிப் பட்டி போடுவார்கள். கண்ணாடி ஸ்டைலுக்கா? ஓடும் வேகத்தில் தூசியும் பூச்சியும் கண்ணில் அடிக்கும், எங்களுக்கு ஹெல்மெட் கண்ணாடி இருக்கிறது, நாய்க்கு இல்லை. வெயில்? அதுதான் பெரிய ஆபத்து. எங்களைப்போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை இறக்க நாயால் முடியாது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் இறக்கும். அதனால் நிறுத்தி நிறுத்தி, தண்ணீர் கொடுத்துக் கொடுத்துத்தான் போக வேண்டும்.

எல்லை கடப்பது இன்னொரு பாடம். இலங்கையிலிருந்து ஒரு நாயை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக வேண்டுமானால் தோலுக்கடியில் மைக்ரோசிப், நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசி, தடுப்பூசி போட்டு ஆகக்குறைந்தது 30 நாட்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு 3 மாதம் காத்திருப்பு. "எங்களுக்கு விசா எடுக்கிறதைவிடக் கஷ்டமோ சேர்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பில் பாதிப் பேருக்கு மாமாவோ சித்தியோ ஐரோப்பாவில். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கடைசி வாங்கில் இருக்கும் ஒருவன், அதிகம் பேசாதவன், கேட்டதுதான் நல்ல கேள்வி. "சேர், இவ்வளவு பெற்றோலை எரிக்கிற காசை நாயளுக்கே அனுப்பலாமே?"

நியாயமான கேள்வி. 1903 இல் ஹொறேசியோ நெல்சன் ஜக்சன் என்ற அமெரிக்க வைத்தியர், மெக்கானிக் ஒருவரோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயோர்க் வரை காரில் போனார். அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடந்த முதல் பயணம் அது, 63 நாள் எடுத்தது. வழியில் ஒரு நாயை வாங்கினார், பெயர் பட். தூசிக்கு அந்த நாய்க்கும் கண்ணாடி போட்டுவிட்டார். காரைப் பார்க்க வந்த சனம் நாயையும் பார்த்தது, படம் பிடித்தது. இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாயை விடாமல் சொல்கிறார்கள். காசை அனுப்பினால் காசு மட்டும்தான் போய்ச் சேரும். நாயைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனால் சந்திக்குச் சந்தி ஆட்கள் நிற்பார்கள், ஏன் எதற்கு என்று கேட்பார்கள். அங்கேதான் தெருநாய்களைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைக்கிறது. இப்படித்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் தலையாட்டினான், முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதற்கு ஒரு கிழமை கழித்து நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஒழுங்கை முடக்கில் ஓர் உரப்பை கிடந்தது. வாய் கட்டியிருந்தது. அவிழ்த்தால் நான்கு குட்டிகள். இரண்டு கடுவன்களையும் அன்று பின்னேரமே பிள்ளைகள் வந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பெட்டைகளையும் யாருக்கும் வேண்டாம். நாலு வீடு கேட்டுப் பார்த்தோம். "பெட்டையெண்டா வருசத்துக்கு ரண்டு தரம் போடும் சேர், பிறகு அதுகள ஆர் பாக்கிறது?" என்பதுதான் எல்லா வீட்டுப் பதிலும். பொய்யில்லை. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி. அதனால்தான் உரப்பைக்குள் போவது பெரும்பாலும் பெட்டைக்குட்டிகள்.

நண்பரே, அந்தப் பையைக் கட்டிப் போட்டவர் எந்தச் சமயம் என்று பையில் எழுதியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாய்க்குக் கல் எறிகிற பிள்ளை எல்லாச் சமயத்திலும் இருக்கிறது. தன் சோற்றில் பாதியைத் தெருநாய்க்கு வைக்கிற ஆளும் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார். "உங்கட ஆக்கள்" என்று என்னிடம் சொன்னதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

இணுவிலைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர்தான் இயக்கச்சியை ஞாபகப்படுத்தினார். கலாநிதி ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை அங்கே நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் நடத்துகிறது. கோண்டாவிலில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலையை நடத்துவதும் அதே அறக்கட்டளைதான். முதலில் கேட்டு, சம்மதம் எடுத்த பிறகே புறப்பட்டோம். எந்தச் சரணாலயமும் இரவோடிரவாகக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் அல்ல. கொண்டுபோய் விட்டவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அங்கே இருப்பவர்கள் நாளைக்கும் சமைக்க வேண்டும்.

சுபஹ் தொழுததும் வெளிக்கிட்டோம், வெயிலுக்கு முந்த. சந்தையில் வாங்கிய பழப்பெட்டி, அடியில் ஈரச்சாக்கு, மேலே வலை, பழைய ரியூப்பை வெட்டி எடுத்த கட்டுகள். நண்பர் தன் பைக்கில் பின்னால் வந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டார். கோப்பாய், கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, இயக்கச்சி. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். கனடாத் தம்பதியருக்கு இது காலைத் தேத்தண்ணிக்கு முந்திய தூரம். எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் வைத்தோம். நிறுத்திய இடமெல்லாம் ஆள் கூடியது. கொடிகாமத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். பளையில் ஓர் ஐயா, தன் வீட்டிலும் ஒரு பெட்டை இருக்கிறது, கருத்தடை செய்ய யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு, நண்பரின் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார். கடைசி வாங்குப் பையனுக்குத் திங்கட்கிழமை சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

குட்டிகளை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியதும் கிணற்றடிக்குப் போனேன். குட்டிகள் கையை நக்கியிருந்தன, பெட்டியிலிருந்து ஒழுகியது சட்டையிலும் பட்டிருந்தது. எங்கள் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப். நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால். அப்படியே கழுவினேன். இன்பொக்ஸில் கேட்ட சகோதரருக்கு என் முதல் பதில் இதுதான். நஜீஸ் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று மார்க்கம் சொல்லித்தந்திருக்கிறது. கழுவு என்றுதான் சொல்லியிருக்கிறது. அடி என்றோ, பட்டினி போடு என்றோ, பைக்குள் கட்டி வீசு என்றோ சொல்லவில்லை. மாலிக்கி மத்ஹபில் நாய் அசுத்தமே அல்ல என்ற கருத்தும் உண்டு. அதை நான் எனக்குச் சாதகமாக எடுக்கவில்லை. என் மத்ஹபில் நின்றுகொண்டே குட்டியைத் தூக்கலாம், பிறகு கழுவலாம். தேவையில்லாமல் வீட்டுக்குள் நாய் வைத்திருப்பது பற்றிய ஹதீஸ்களும் எனக்குத் தெரியும். நான் வீட்டில் வளர்க்கவில்லை, யாரையும் வளர்க்கச் சொல்லவும் இல்லை. நான் மௌலவி அல்ல. மேலே விளக்கம் தேவையென்றால் பள்ளிவாசலில் கேளுங்கள்.

நான் கழுவுவதை வீட்டுக்கார ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தா. எழுபத்தைந்து வயது தாண்டியவ. "என்ன தம்பி, மண்ணாலயும் கழுவுறியள்?" என்று கேட்டா. சொன்னேன். "சரியான வேலைதான்" என்றா. பிறகு கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, நான் கேட்காமலே, 1995 ஒக்டோபர் 30 பற்றிச் சொல்லத் தொடங்கினா.

அந்த இரவு வலிகாமமே எழுந்து நடந்த இரவு. மழை. லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆச்சியின் கணவர் சைக்கிளில் அரிசிப் பையும் சின்ன மகளும், ஆச்சியின் தலையில் உடுப்பு மூட்டை. வீட்டு நாய் பின்னாலேயே வந்ததாம். "திருப்பி அனுப்பிப் பாத்தன் தம்பி, போகேல்ல. செம்மணி வெளி மட்டும் வந்தது. சனத்துக்குள்ள ஒருக்காத் திரும்பிப் பாத்தன், காணேல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டன். எல்லாரும் ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் நிண்டவை." அடுத்த வருசம் திரும்பி வந்தபோது விறாந்தையில் வேறு யாருடையவோ இரண்டு நாய்கள் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தனவாம். ஆச்சியின் நாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஆச்சி நாய் வளர்க்கவில்லை.

ஒக்டோபர் 30. எங்கள் வீட்டிலும் அந்தத் திகதி உண்டு, ஐந்து வருடம் முந்தியது. 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது நான் உம்மாவின் கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. புத்தளத்தில் வளர்ந்த காலத்தில் உம்மா அதிகம் பேசியதும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறா. வீட்டில் ஓர் ஆடு நின்றது. "ஆட்டை அவுத்து விட்டுட்டு, வாளியில தண்ணி நிறைச்சு வச்சிட்டுத்தான் வாசலைத் தாண்டினன் மகன்." நகையையும் காசையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவே அழுதுகொண்டிருந்த அந்த இரண்டு மணித்தியாலத்தில், கிணற்றில் தண்ணீர் அள்ள உம்மா ஐந்து நிமிடம் எடுத்திருக்கிறா. நண்பரே, "உங்கட ஆக்கள்" என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வாளிதான்.

ஆச்சிக்கு உம்மாவின் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஓதும் ஸூரா அல்கஹ்ஃபில் குகைவாசிகளின் வரலாறு வருகிறது. ஈமானைக் காப்பாற்ற ஊரை விட்டு வெளியேறிய இளைஞர்கள் அவர்கள். அவர்களோடு ஒரு நாயும் போனது, முன்னங்கால்களை நீட்டிக் குகை வாசலில் கிடந்தது. அவர்கள் எத்தனை பேர் என்று பிற்காலத்தார் தர்க்கிப்பதை அல்லாஹ் சொல்லும்போது, மூன்று என்பாரின் கணக்கில் நான்காவது நாய், ஐந்து என்பாரின் கணக்கில் ஆறாவது நாய், ஏழு என்பாரின் கணக்கில் எட்டாவது நாய். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு, நாயைச் சேர்ப்பதில் இல்லை. அகதிகளாகப் போனவர்களின் கணக்கில் ஒரு நாய் விடுபடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இதை ஓதுகிற நாங்கள் இந்த மண்ணில் இரண்டு ஒக்டோபர்களைக் கண்டவர்களின் பிள்ளைகள்.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸையும் நீங்கள் மதரஸாவில் கேட்டிருப்பீர்கள். தாகத்தோடு நடந்த ஒரு பயணி கிணற்றில் இறங்கிக் குடித்துவிட்டு ஏறினார். மேலே ஒரு நாய் தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. திரும்ப இறங்கித் தன் காலணியில் தண்ணீர் எடுத்து, அதைப் பல்லால் கவ்வியபடி ஏறி நாய்க்குக் கொடுத்தார். அல்லாஹ் அவரை மன்னித்தான். விலங்குக்குச் செய்வதற்கும் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, உயிருள்ள எதற்குச் செய்தாலும் உண்டு என்பதே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பதிலின் கருத்து. காலணி என்ன ஆனது என்று அந்த ஹதீஸில் ஒருவரும் கேட்கவில்லை. கழுவிப் போட்டுக்கொண்டு தன் வழியே போயிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். இரக்கம் மட்டும் போதாது, பயமும் நியாயமானது. நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் கொல்லும். 1973 இல் இலங்கையில் 377 பேர் அதனால் இறந்தார்கள். இன்று அது வருடத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்குக் குறைந்திருப்பதற்குக் காரணம் தடுப்பூசி. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதையும் அரசு நிறுத்தியது. கொன்றால் குறைவதில்லை, வெறுமையான இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும். ஓர் ஊரில் நூறு நாய்க்கு எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவுவது அறுந்துபோகும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

ஆகவே என் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று, சுகாதாரப் பகுதியினர் இலவசமாக நாய்களுக்கு ஊசி போட ஊருக்கு வரும் நாளில் வீட்டில் ஒருவர் நின்று நாயைப் பிடித்துக் கொடுங்கள். "நாய் ஓடீற்றுது" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். வாசலில் சோறு தின்னும் தெருநாயையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

இரண்டு, பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். உரப்பைக்கு ஒரே மாற்று அதுதான். ஒரு வீட்டால் முடியாவிட்டால் ஒழுங்கையில் நாலு வீடு சேருங்கள். எங்கள் பக்கத்தில் நானும் நண்பரும் பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

மூன்று, நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். குட்டிதானே என்று இருக்கவும் வேண்டாம்.

நான்கு, மதரஸாவிலும் அறநெறி வகுப்பிலும் ஞாயிறு பாடசாலையிலும் படிப்பிக்கிறவர்களுக்கு. இந்தக் கிழமை பிள்ளைகளோடு நாயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். ஒவ்வொரு சமயத்திலும் அதற்குரிய கதை இருக்கிறது.

ஆச்சி கிணற்றடியில் ஒரு பழைய மண்சட்டியை வைத்திருக்கிறா, காலையில் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கட்டளை. ஒழுங்கை நாய்கள் இரண்டு வந்து குடிக்கின்றன. அவற்றுக்கு இன்னும் ஊசி போடவில்லை. அடுத்த முறை வரும்போது பிடித்துக் கொடுக்க இரண்டு பேர் தேவை. உடுவில், சுன்னாகம், மருதனார்மடம் பக்கத்தில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.